பழைய பீட்டில் சூடாகாமல் ஓட: எஞ்சின் அறைக் காற்றோட்டத்தைச் சரிசெய்யும் முறை

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் புதிதாக வாங்கியவரிடம் எல்லாரும் சொல்வது ஒன்று: "ரேடியேட்டரே கிடையாது, தண்ணி ஊத்துற வேலை மிச்சம்." அது உண்மைதான். ஆனால் மற்ற வண்டிகளில் தண்ணீர் செய்யும் வேலையை இதில் காற்றும் எஞ்சின் ஆயிலும் பங்குபோட்டுச் செய்கின்றன. காற்று போகும் வழியில் ஒரு தகடு குறைந்தாலும், ஒரு ரப்பர் கிழிந்தாலும் எஞ்சின் சூடாகும். அதைக் காட்டும் முள்ளும் டாஷ்போர்டில் இல்லை. பெரும்பாலும் மூன்றாம் சிலிண்டரின் வால்வு கருகிய பிறகுதான் விஷயம் வெளியே தெரியவரும்.

கடைசிப் பழைய பீட்டில் 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவேப்லா ஆலையிலிருந்து வெளிவந்தது. அதனால் இன்று கைக்கு வருகிற எந்த வண்டியும் ஏற்கெனவே பல கைகளில் பிரித்து மாட்டப்பட்டதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை எஞ்சின் இறங்கி ஏறும்போதும் ஏதோ ஒரு சிறு தகடு "இது எதுக்கு" என்று மூலையில் போடப்பட்டிருக்கும். ஆகவே வண்டி வாங்கியதும் பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இந்தப் பகுதிதான். கீழே உள்ளவை 1200 முதல் 1600 சிசி வரையிலான, நிமிர்ந்த ஃபேன் கூடு (ஃபேனை மூடியிருக்கும் தகரக் கூடு) கொண்ட எஞ்சின்களுக்குப் பொருந்தும். அதே எஞ்சின் ஏறிய கோம்பி வேனுக்கும் இதே விதிதான். வேனில் காற்று பின்பக்கவாட்டுத் திறப்புகள் வழியாக வருகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

இடம், வலம் என்பதெல்லாம் ஓட்டுநர் முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கும் நிலையிலிருந்து. "முன்" என்றால் வண்டியின் மூக்குப் பக்கம். வலப்பக்கத்தில் முன்னிருப்பது ஒன்றாம் சிலிண்டர், அதற்குப் பின்னால் இரண்டு. இடப்பக்கத்தில் முன்னிருப்பது மூன்று, அதற்குப் பின்னால் நான்கு.

மேல் அறை, கீழ் அறை

இந்த வண்டியில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. பின்பக்க மூடியைத் திறந்தால் தெரிவது மேல் அறை. எஞ்சினைச் சுற்றிலும் உள்ள கறுப்புத் தகடுகள்தான் அதன் தரை. அந்தத் தரைக்குக் கீழே சிலிண்டர்களின் அடிப்பகுதி, எக்ஸாஸ்ட் குழாய்கள், சைலன்சர் எல்லாம் இருக்கின்றன. அது சூடான அறை.

பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள துளை வரிசை வழியாகக் குளிர்ந்த காற்று மேல் அறைக்குள் வருகிறது. பிந்திய சில மாடல்களில் மூடியிலும் துளை வரிசைகள் உண்டு. டைனமோவின் மறுமுனையில் பூட்டிய ஃபேன் அந்தக் காற்றை இழுத்து, கூட்டுக்குள் அழுத்தி, சிலிண்டர்களின் ஃபின்கள் (சூட்டை வெளிவிடும் மெல்லிய உலோக மடிப்புகள்) வழியாகக் கீழே தள்ளுகிறது. முழு வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 500 லிட்டர் காற்று. சூடேறிய அந்தக் காற்று கீழ் அறை வழியாக வெளியே போய்விட வேண்டும்.

ஃபேன் இழுத்துக்கொண்டே இருப்பதால் மேல் அறையில் காற்றழுத்தம் சற்றுக் குறைந்தே இருக்கும். தரையில் ஒரு ஓட்டை இருந்தால் மேலிருக்கும் குளிர்ந்த காற்று அதன் வழியே கீழே ஒழுகாது. கீழிருக்கும் சூடான காற்றுதான் மேலே ஏறும். ஃபேன் அதையே மறுபடி சிலிண்டர் மேல் ஊதும். வெந்த காற்றால் வெந்த எஞ்சினைக் குளிர்விப்பதாக ஆகிவிடும். இந்த வண்டியில் செய்யும் எல்லாக் காற்றோட்ட வேலையும் இந்த இரண்டு அறைகளையும் பிரித்து வைப்பதற்காகத்தான்.

முதல் வேலை: ஓட்டையைக் கண்டுபிடிப்பது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இருட்டிய பிறகு பாருங்கள். வண்டிக்கு அடியில் ஒரு எல்.இ.டி விளக்கை வைத்து, பின்மூடியைத் திறந்து மேலிருந்து பார்க்க வேண்டும். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் சூடான காற்று ஏறும். சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டுமானால், மெல்லிய பாலித்தீன் நூலிழை ஒன்றைக் குச்சி நுனியில் கட்டி ரப்பர் ஓரமாக நகர்த்தலாம். இழை மேல்நோக்கித் துள்ளினால் அங்கே கசிவு. பெல்ட்டுக்கும் ஃபேன் வாய்க்கும் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஊதுவத்திப் புகையில் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். கார்புரேட்டரும் பெட்ரோல் பம்பும் அந்த அறையில்தான் இருக்கின்றன. பழைய பெட்ரோல் ஹோஸ் வெடித்துத் தீப்பிடித்து எரிந்த பீட்டில்கள் ஏராளம். ஹோஸ் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், இந்த வேலையோடு அதையும் மாற்றிவிடுங்கள். செலவு அற்பம்.

இரண்டாவது: ரப்பர் சீலும் தகடுகளும்

எஞ்சின் அறையின் ஓரம் முழுக்க, பாடியில் உள்ள பள்ளத்தில் ஒரு ரப்பர் சீல் ஓடுகிறது. நம்மூரில் பீடிங் என்பார்கள். எஞ்சின் தகடுகளின் விளிம்பு இந்த ரப்பரின் வெடிப்புக்குள் செருகியிருக்க வேண்டும். ரப்பர் புதிதாக இருந்தும் தகடு அதன் மேலேயோ கீழேயோ உட்கார்ந்திருந்தால் பயனில்லை. அவசரமாக எஞ்சின் ஏற்றிய வண்டிகளில் முன்பக்கம், அதாவது கண்ணுக்குத் தெரியாத பக்கம், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள், அல்லது விரலால் தடவிப் பாருங்கள்.

முன்பக்கச் சீலை எஞ்சின் இறங்கியிருக்கும்போது மாற்றுவதே புத்திசாலித்தனம். கிளட்ச் வேலைக்காக எஞ்சினை இறக்கும்போது கையோடு முடித்துவிடலாம். பள்ளத்தில் உள்ள துருவையும் பழைய பசையையும் சுரண்டி, சோப்புத் தண்ணீர் தடவி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டே போனால் ரப்பர் இழுபடாது. இழுத்துப் போட்ட ரப்பர் சில மாதங்களில் சுருங்கி மூலைகளில் இடைவெளி விடும்.

பெரிய தகடுகள் தொலைவதில்லை. தொலைவதெல்லாம் சின்னவை. இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்:

பிளக் வயர் ஒவ்வொன்றும் தகட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் வேண்டும், மொத்தம் நான்கு. வெடித்துப் போனால் கூட்டுக்குள் உள்ள அழுத்தக் காற்று ஃபின்களுக்குப் போகாமல் அந்தத் துளை வழியே வீணாகும்.

இன்டேக் மேனிஃபோல்டை (பெட்ரோல்-காற்றுக் கலவை சிலிண்டருக்குப் போகும் குழாய்) சூடாக்கும் மெல்லிய குழாய் பின்தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும் இரண்டு இடங்களிலும் சிறு மூடித் தகடுகள் உண்டு. அவை இல்லாத வண்டிதான் அதிகம். அந்த ஓட்டைக்கு நேர் கீழே சைலன்சர் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிராங்க் புல்லிக்குப் பின்னாலும் கீழும் உள்ள தகடுகள். பெல்ட் மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று யாராவது கழற்றிப் போட்டிருப்பார்கள்.

ஃபேன் கூட்டின் இரு பக்கமும் ஹீட்டருக்குக் காற்று அனுப்பும் வாய்கள். நம் ஊர் வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று பல வண்டிகளில் அதை நீக்கியிருப்பார்கள். நீக்கியதில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டு வாய்களையும் மூடியாக வேண்டும். மூடாவிட்டால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று வெளியே கொட்டும். தகட்டில் ஹோஸ் இறங்கிய துளைகளையும் அடைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சிலிண்டர்களுக்கு அடியில் உள்ள திசைதிருப்பித் தகடு, பக்கத்துக்கு ஒன்று. மேலிருந்து வரும் காற்று சிலிண்டரின் அடிப்பாகத்தையும் கட்டிப்பிடித்துப் போகச் செய்வது இதுதான். இது இல்லாவிட்டால் காற்று மேல் பாதியைத் தொட்டுவிட்டு நேராக விழுந்துவிடும். சிலிண்டர் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்து வட்டம் கெடும். ஹெட் (சிலிண்டரின் முனையை மூடும், வால்வுகள் உள்ள பாகம்) கழற்றிய நிலையில் மாட்ட வேண்டிய தகடு இது. எஞ்சின் ஓவர்ஹால் செய்யக் கொடுத்தால், ஹெட் ஏற்றுவதற்கு முன் நேரில் போய் இது இருக்கிறதா, ஆடாமல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது: பெல்ட்

டைனமோவையும் ஃபேனையும் சுழற்றுவது ஒரே பெல்ட். டாஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு கார்களில் அந்த விளக்கோடு வீடு வரை போய்விடலாம். இதில் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். "அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்" என்று போனால் எஞ்சின் போய்விடும். ஒரு உபரி பெல்ட்டும் 21 நம்பர் ஸ்பானரும் ஒரு பெரிய ஸ்க்ரூட்ரைவரும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். தளர்ந்தால் வழுக்கும், ஃபேன் வேகம் குறையும். அதிகம் இறுகினால் டைனமோ பேரிங் தேயும். சரிசெய்ய டைனமோவை நகர்த்துவதில்லை. புல்லியே இரண்டு பாதிகளாக இருக்கிறது, நடுவில் வாஷர்கள்.

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். டைனமோ புல்லியின் உள்பாதி விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்க்ரூட்ரைவரை நுழைத்து, டைனமோ உடம்பின் மேல் ஸ்க்ரூவில் முட்டுக்கொடுத்தால் புல்லி சுழலாது. நட்டைக் கழற்றி வெளிப்பாதியை எடுங்கள். பெல்ட் தளர்வாக இருந்தால் நடுவிலிருந்து ஒரு வாஷரை எடுக்க வேண்டும். பாதிகள் நெருங்கும், பெல்ட் மேலேறி இறுகும். இறுக்கமாக இருந்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும். எடுத்த வாஷரை டப்பாவில் போடாதீர்கள். அது வெளிப்பாதிக்கும் நட்டுக்கும் இடையே போக வேண்டும். மொத்த வாஷர் எண்ணிக்கை மாறினால் நட்டு சரியாக இறுகாது. நட்டை இறுக்கும்போது கிராங்க் புல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள். இல்லாவிட்டால் பெல்ட் இரண்டு பாதிக்கும் நடுவில் நசுங்கும். புதுப் பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் நீளும், மறுபடி பார்க்க வேண்டும்.

நடுவில் எடுக்க வாஷரே மிச்சமில்லை என்ற நிலை வந்தால் பெல்ட்டின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

ஃபேன்

ஃபேன் பெரும்பாலும் தொல்லை தராது. டைனமோ கழற்றும்போது மட்டும் பார்த்தால் போதும். ஃபேனுக்கும் அதன் பின்மூடித் தகட்டுக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதையும் உள்ளே போடும் வாஷர்களால்தான் சரிசெய்வது. ஃபேன் நட்டின் இறுக்கம் 55 முதல் 65 நியூட்டன்-மீட்டர். தகரம் உரசும் சத்தம் வந்தால் ஓட்டாதீர்கள். மையத்தில் வெடிப்பு விட்ட ஃபேனைப் பற்றவைத்து மாட்டாதீர்கள்.

நான்காவது: தெர்மோஸ்டாட்டும் மடிப்புக் கதவுகளும்

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி இது. வலப்பக்கச் சிலிண்டர்களுக்குக் கீழே ஒரு சிறிய உலோகத் துருத்தி இருக்கிறது, அதுதான் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடானதும் அது நீண்டு, ஒரு கம்பி வழியாக ஃபேன் கூட்டின் அடியில் உள்ள மடிப்புக் கதவுகளைத் திறக்கிறது. 1965 மாடலுக்கு முந்தைய வண்டிகளில் கதவுகளுக்குப் பதில் ஃபேன் வாயில் காற்றைக் கட்டுப்படுத்தும் ஒரு வளையம் இருக்கும்.

தமிழ்நாட்டிலும் சரி, இன்றும் பீட்டில்கள் கணிசமாக ஓடும் இலங்கையிலும் சரி, "நம்ம சூட்டுக்கு இது தேவையில்லை" என்று கதவுகளையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அங்கேதான் தப்பு. திறந்த நிலையில் அந்தக் கதவுகள் காற்றைச் சரியான பக்கம் திருப்பிவிடும் வழிகாட்டித் தகடுகளாகவும் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் காற்று எளிதான வழியில் போகும், ஏதோ ஒரு சிலிண்டர் பட்டினி கிடக்கும்.

துருத்தியைச் சோதிப்பது எளிது. கழற்றி, 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூடான தண்ணீரில் போடுங்கள். குறைந்தது 46 மில்லிமீட்டர் நீளத்துக்கு நீள வேண்டும். ஆறியதும் சுருங்க வேண்டும். சுருங்காமலே நின்றால் துருத்தியில் ஓட்டை. அப்படிக் கெட்டால் கதவுகள் திறந்த நிலையிலேயே நின்றுவிடும்படிதான் அமைப்பு, அதனால் பயமில்லை. எஞ்சின் சூடேற நேரமாகும், அவ்வளவே. ஆபத்து வேறு இடத்தில்: துருத்தி நன்றாக இருந்து, துருப்பிடித்த கீலாலோ வளைந்த கம்பியாலோ கதவுகள் மூடியபடி மாட்டிக்கொள்வது.

மாட்டும்போது, எஞ்சினைச் சூடாக்கி, துருத்தியின் மேல்முனை அதன் தாங்கியின் மேற்புறத்தைத் தொடும் அந்த நேரத்தில் கதவுகள் முழுமையாகத் திறந்திருக்கும்படி தாங்கியை நகர்த்தி இறுக்குங்கள். நல்ல துருத்தி கிடைக்கவில்லையா? கதவுகளை விட்டுவைத்து, திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிடுங்கள். நம் தட்பவெப்பத்துக்கு இது போதும். மலை ஊர்களில் காலையில் சற்று அதிக நேரம் மெதுவாக ஓட்டிச் சூடேற்ற வேண்டிவரும்.

ஐந்தாவது: ஃபின்களும் ஆயில் கூலரும்

டாப்பெட் கவரிலும் (வால்வுப் பகுதியை மூடும் தகடு) புஷ்ராட் குழாய்களிலும் (வால்வை அசைக்கும் கம்பிகள் ஓடும் குழாய்கள்) கசியும் ஆயிலில் தூசி ஒட்டி, ஃபின்களுக்கு நடுவே கம்பளி போலப் படியும். மேல் தகடுகளைக் கழற்றினால் தெரியும். எலி கூடு கட்டிய வண்டிகளும் உண்டு. நீண்டநாள் நின்ற வண்டியை ஓட்டுவதற்கு முன் கட்டாயம் பாருங்கள். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு ஊறவைத்துத் தேய்த்து, கம்ப்ரஸர் காற்றைக் கீழிருந்து மேலாக அடியுங்கள். காற்று போகும் திசையிலேயே அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே இறுகும். கசிவை நிறுத்தாமல் கழுவுவது வீண்.

புதிதாக வாங்கும், கம்பெனி அல்லாத வெளிச்சந்தை ஹெட்டுகளில் வேறொரு சிக்கல். வார்ப்பின்போது ஃபின்களுக்கு இடையே அலுமினியம் படலமாக நின்று வழியையே அடைத்திருக்கும். மாட்டுவதற்கு முன் 3 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை ஒவ்வொரு இடைவெளியிலும் நுழைத்துப் பாருங்கள். நுழையாத இடத்தை ஹாக்ஸா பிளேடால் திறந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றியுள்ள பகுதியில் ஒரு இடைவெளியைக்கூட விடாதீர்கள்.

ஆயில் கூலர் இடப்பக்கம் நிற்கிறது. பழைய அமைப்பில் அது ஃபேன் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு நேர் மேலே இருந்தது. அந்தச் சிலிண்டருக்குக் கிடைத்தது கூலரைத் தொட்டுச் சூடான காற்று. மூன்றாம் சிலிண்டர் முதலில் போகும் என்ற பேச்சு இதனால்தான் வந்தது. 1971 மாடலிலிருந்து கூலரை முன்பக்கம் தள்ளி, தனிக் கூண்டு கட்டி, ஃபேனையும் அகலமாக்கினார்கள். எஞ்சின் கட்டப் போகிறீர்கள் என்றால் இந்தப் பிந்திய கூட்டையும் அகல ஃபேனையும் தேடி மாட்டுவது செலவுக்குத் தகுந்த மாற்றம்.

மாட்டினால் முழுமையாக மாட்டுங்கள். கூலரிலிருந்து வெளிவரும் சூடான காற்றை முன்தகட்டின் வழியாகக் கீழே இறக்கும் ஒரு சிறு காற்றுக்குழாய்த் தகடு அதோடு வரும். கூலருக்கும் கூட்டுக்கும் இடையே பஞ்சு சீல் உண்டு. இந்த இரண்டும் இல்லாவிட்டால் கூலரின் சூடு மேல் அறையிலேயே கொட்டும், செய்த மாற்றத்தின் பாதிப் பலன் போய்விடும்.

ஆயில் அளவு 2.5 லிட்டர்தான். அரை லிட்டர் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு குளிரூட்டி குறைந்ததாக அர்த்தம். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்கச் சோம்பல் படுபவருக்கு இந்த வண்டி ஒத்துவராது.

பலர் செய்யும், செய்யக் கூடாத மாற்றங்கள்

பின்மூடியின் கீழ்ப்பகுதியைக் கட்டை கொடுத்துத் திறந்து வைப்பது. காற்று நன்றாகப் போகும் என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளி சைலன்சருக்கு நேர் மேலே இருக்கிறது. வண்டி நிற்கும்போது ஃபேன் அங்கிருந்து சூட்டைத்தான் இழுக்கும்.

பளபளக்கும் குரோம் ஃபேன் கூடு. விலை குறைந்தவற்றில் உள்ளே காற்றைப் பிரிக்கும் வழிகாட்டித் தகடுகளே இருக்காது. வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்.

சிறிய கிராங்க் புல்லி. ஃபேனைச் சுழற்ற ஆகும் சக்தி மிச்சமாகும் என்று விற்பார்கள். மிச்சமாவது காற்று.

எஞ்சின் அறைச் சுவரில் ஒட்டிய சத்தம் தடுக்கும் அட்டை தளர்ந்து தொங்கினால் ஃபேன் அதை இழுத்து வாயை அடைத்துக்கொள்ளும். இறுகப் பொருத்துங்கள், அல்லது முழுக்க எடுத்துவிடுங்கள். துடைத்த துணியை உள்ளே மறந்து வைத்தாலும் இதே கதைதான்.

சோதனை ஓட்டமும் ஓட்டும் முறையும்

முதலில் டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) டாப்பெட்டும் (வால்வு இடைவெளி) சரியாக இருக்க வேண்டும். பிந்திய எஞ்சின்களில் டாப்பெட் இடைவெளி எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டர். டைமிங் தவறியிருந்தாலோ, கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைத்து விட்டாலோ வரும் சூட்டை எந்தக் காற்றோட்டமும் சரிசெய்யாது.

டிப்ஸ்டிக் இடத்தில் பொருத்தும் ஆயில் வெப்பமானி ஒன்று வாங்கி, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 110 டிகிரி வரை கவலையில்லை. 120ஐத் தாண்டி நின்றால் மேலே சொன்ன வரிசையில் மறுபடி தேடுங்கள். சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் விளக்கு மினுக்கினால் ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள். அது சூட்டாலும் இருக்கலாம், தேய்ந்த பேரிங்காலும் இருக்கலாம்.

ஃபேன் வேகம் எஞ்சின் வேகத்தோடு கட்டப்பட்டது. ஏறத்தாழ 1.8 மடங்கு. அதனால் ஏற்றத்தில் நான்காம் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டு முக்கி முக்கி ஏற்றுவதுதான் எஞ்சினை வேகவைக்கும் வழி: சுமை முழுது, காற்று பாதி. கொடைக்கானல் ஏற்றமோ நுவரெலியா ஏற்றமோ, முன்கூட்டியே மூன்றாம் கியருக்கு, தேவைப்பட்டால் இரண்டுக்கு இறக்குங்கள். எஞ்சின் இரைச்சலைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஃபேனும் அதே அளவுக்கு வேகமாக ஓடுகிறது. உச்சிக்குப் போய் நிறுத்தியதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.